மூலவர்

நாவலைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு ரகம். யார் யார் நடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவது ரகத்துக்கு அந்தச் செய்தியைப் படித்த நிமிஷத்திலிருந்து ரத்த அழுத்தம் ஏறும். அந்த ரகத்தில் எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவருக்கு மூலவர் என்று பெயர். வைத்தது பி பிளாக் பையன்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் “மூலத்துல அப்படி இல்லியே” என்ற இடத்தில் வந்து நிற்பார். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபமில்லை, உள்ளூரப் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

பொன்னியின் செல்வன் அவருக்கு நாவல் இல்லை, பிதுரார்ஜிதம். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடரை அவருடைய அம்மா வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தார். பழுப்பேறிய தாள், பூச்சி துளைத்த பொடி ஓட்டைகள், மணியம் வரைந்த படங்கள், சில பக்கங்களின் பின்னால் தலைவலித் தைல விளம்பரம். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வர வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் புத்தகம் அந்த இடத்திலேயே பறிமுதல். பள்ளிக்கூட நாளில் ஒரு கோடை விடுமுறையில் திண்ணையில் குப்புறப் படுத்து அதைப் படித்திருக்கிறார். படித்த கையோடு மனசுக்குள் படமும் எடுத்து முடித்துவிட்டார். யார் முகம் எப்படி, என்ன உடை, எந்தப் பக்கம் கொண்டை, குதிரை என்ன நிறம் எல்லாம் அன்றைக்கே முடிவான விஷயங்கள். அதற்குப் பிறகு யார் எடுத்தாலும் அது அவர் படத்தின் ரீமேக்தான்.

அப்பேர்ப்பட்டவரோடு, 2022 செப்டம்பர் 30 அன்று வெளியான முதல் பாகத்துக்கு நாங்கள் கூட்டமாகப் போனோம். டிக்கெட் எடுத்தவர் யாரோ தெரியவில்லை, அவர் பக்கத்து சீட்டை எனக்குக் கொடுத்திருந்தார்.

படம் போர்க்களத்தில் தொடங்கியது. மூலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆடிப்பெருக்கு எங்க? வீரநாராயண ஏரி எங்க?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை. நாவலில் ஆடிப் பதினெட்டு அன்று அந்தி வேளையில் வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரைமேல் வருவான். ஆதித்த கரிகாலனைப் பார்க்க நாம் பல அத்தியாயம் காத்திருக்க வேண்டும். படத்திலோ விக்ரம் முதலிலேயே வாளும் கையுமாக வந்து நின்றார். விக்ரமைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணில் காட்டாமல் இருக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. பக்கத்து சீட் அல்லவா.

“இப்ப ஆழ்வார்க்கடியான் தடியத் தூக்கிட்டு வருவான் பாருங்க” என்றார். ஜெயராம் வந்தார். மூலவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். “குடுமி சரி” என்றார். படம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான். ஜெயராமுக்குத் தெரிந்திருந்தால் விருதாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தடுத்து யார் வருவார்கள், என்ன பேசுவார்கள், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று அரை வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். முன்சீட்டு இளைஞன் திரும்பி, “சார், கொஞ்சம் பேசாம பாருங்களேன்” என்றான்.

“தம்பி, நான் பேசல. கல்கி பேசறார்.”

“அவரையும் கொஞ்சம் இன்டர்வெல் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க சார்.”

த்ரிஷா குந்தவையாகப் படகில் வந்தபோது தியேட்டரே விசிலடித்தது. மூலவர் மட்டும், “கொண்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கணும். இது என்ன கொண்டை?” என்றார். அந்தப் பக்கத்து சீட்டிலிருந்து அவர் மனைவி, “ஏங்க, அது கல்கி எழுதினதா, மணியம் வரைஞ்சதா?” என்று கேட்டார். இந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஆடி மாதம் புது வெள்ளத்தில் ஆரம்பித்துத் தியாகச் சிகரம் வரை ஐந்து பாகத்தையும் படித்து முடிக்கிறவர். மதியம் சமையலறை வேலை முடிந்ததும் மூக்குக்கண்ணாடி, ஒரு சொம்பு தண்ணீர், புத்தகம். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில் கல்கிக்கு அதிகாரபூர்வப் பிரதிநிதி ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு?

அந்த அம்மாள் கேட்ட கேள்வி லேசானதல்ல. நாம் ‘மூலம்’ என்று மனசில் வைத்திருப்பதில் பாதி மணியத்தினுடையது. இந்த நாவலை முதலில் தழுவி எடுத்தவர் படத்தின் இயக்குநர் மணி ரத்னம் இல்லை, மணியம். அதுவும் தொடர் வந்துகொண்டிருந்தபோதே. பின்னால் அதே கதை கல்கியில் மறுபடி மறுபடி தொடராக வந்தது. வினு வரைந்த நந்தினியைப் பார்த்து வளர்ந்தவர்களும் பத்மவாசன் வரைந்த நந்தினியைப் பார்த்து வளர்ந்தவர்களும் தனித்தனிக் கட்சி. மூலவரிடம் போய் வினுவின் வந்தியத்தேவன் நன்றாக இருப்பான் என்று சொல்லிப் பாருங்கள். காபி வராது.

இடைவேளையில் வெளியே வந்தோம். அங்கேதான் மூலவருக்கு எமன் காத்திருந்தான். சி பிளாக்கில் ஒரு கல்வெட்டுக்காரர் உண்டு. சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் என்று தலைமாட்டில் வைத்துப் படிக்கிறவர். பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

“என்ன சார், படம் மூலத்தை மாத்திட்டான்னு கோவமா? உங்க கல்கி மூலத்தை மாத்தலியா?”

“எந்த மூலத்தை?”

“காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி கல்வெட்டு இருக்கே, அதை. ராஜராஜனோட ரெண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ன துரோகிங்க நிலத்தைப் பறிமுதல் பண்ணின கணக்கு. அதுல ரவிதாசன் பிரமாதிராஜன்னு பட்டம் வாங்கின ஆளு. உங்க நாவல்ல அவன் கோட்டான் மாதிரி கத்தற மந்திரவாதி. நந்தினி எந்தக் கல்வெட்டுல இருக்கா, சொல்லுங்க?”

மூலவர் சளைக்கவில்லை. “வந்தியத்தேவன் இருக்கான்ல? தஞ்சாவூர்க் கோயில்ல குந்தவையோட புருஷன்னு கல்லுல வெட்டியிருக்கே!”

“பேர் இருக்கு. ஏரிக்கரையில குதிரை ஓட்டினான்னு வெட்டியிருக்கா?”

“அது கதை சார்! கதைக்கு வேண்டியதைக் கதாசிரியன் சேர்த்துக்குவான். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். நல்லவேளையாக மணி அடித்தது.

அவருடைய சட்டத்தில் இருக்கும் ஓட்டை எனக்கு முழுசாகப் புரிந்தது கம்பன் விழாவில்தான். மூலவர் ஒரு விழாவும் விடமாட்டார், முன்வரிசைதான். மேடையில் பேசியவர், வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் தொட்டுத் தூக்கிப் போகிறான், கம்பனோ அந்தக் குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போக வைத்தான், தமிழன் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றினான் என்று குரலை உயர்த்தினார். அரங்கமே கைதட்டியது. எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தவர் மூலவர். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன்.

“கம்பர் மூலத்தை மாத்தியிருக்காரே சார்?”

“அது கம்பன்!”

“கதையையே மாத்தியிருக்காரே. உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?”

“எனக்கென்னய்யா கஷ்டம்? நான் வால்மீகி படிச்சதில்லியே!”

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தில் யாரும் வாக்குமூலம் கொடுத்ததில்லை. எது முதலில் கைக்கு வந்ததோ அதுதான் மூலம். உதிரிப்பூக்கள் அவருக்கு உயிர். அதற்கு விதை போட்ட புதுமைப்பித்தனின் சிற்றன்னையைப் படித்ததில்லை, ஆகவே மகேந்திரன் மகான். பிரியா படத்தை ரஜினிக்காக மூன்று தரம் பார்த்தவர். சுஜாதாவின் கதை லண்டனில் நடந்தது, படம் அதைச் சிங்கப்பூருக்கு மாற்றியது என்பது அவரைத் தொடவே இல்லை. அசுரனுக்குக் கண்ணீர் விட்டார். பூமணியின் வெக்கையைப் படித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்: அந்த நாவல் கொலை செய்துவிட்டுக் காட்டுக்குள் திரியும் ஒரு பையனின் பார்வையில் போவது. படத்தில் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் தகப்பனின் இளமைக்கால அத்தியாயம் வெற்றி மாறனுக்கும் தனுஷுக்கும் தேவைப்பட்டது, பூமணிக்குத் தேவைப்படவில்லை. கரிசல் பக்கம் அதற்கென்று ஒரு மூலவர் திண்ணையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பார்.

அவர் தலையைச் சுற்ற வைப்பதற்கென்றே ஒரு தடவை தியாகபூமியை எடுத்துவிட்டேன். 1939-ல் வந்த கே. சுப்ரமணியத்தின் படம். கதை எழுதியவர் இதே கல்கிதான். படப்பிடிப்பு நடக்க நடக்க ஆனந்த விகடனில் தொடரும் வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்களைப் போட்டார்கள். “இதுல எது சார் மூலம்?” என்றேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, “அது இரட்டைப் பிரசவம்” என்றார். ஜெயகாந்தன் விஷயத்தில் அவருக்கு அந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. அக்கினிப் பிரவேசம் சிறுகதையில் தாய் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி விஷயத்தை அத்தோடு மூடினாள். வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். மூடாமல் ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதே பெண்ணை வைத்துச் சில நேரங்களில் சில மனிதர்களை எழுதினார் ஜெயகாந்தன். பீம்சிங் அதை 1977-ல் எடுத்தபோது திரைக்கதையையும் தானே எழுதிக் கொடுத்தார். ஆசிரியரே தன் மூலத்தை மாற்றினால் யார்மேல் கேஸ் போடுவது? “ஜெயகாந்தன்கிட்ட யாருய்யா பேச முடியும்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

விசுவாசமான படம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு. “1958-ல எம்.ஜி.ஆர். எடுக்கறேன்னு உரிமை வாங்கினார். எடுத்திருந்தா அப்படியே புத்தகம் மாதிரி இருந்திருக்கும்.” எம்.ஜி.ஆர். படத்தில் கதாநாயகன் அடி வாங்கிக்கொண்டு ஓடி ஒளிவதையும், ஜோசியனிடம் அவமானப்படுவதையும், ஒருவரையும் ஜெயிக்காமல் சிறையில் கிடப்பதையும் எந்த ரசிகன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று நான் கேட்பதில்லை. எடுக்காமல் போன படத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்பது அதற்குள்ள பெரிய சௌகரியம்.

இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ல் வந்தது. இந்தத் தடவை நான் முன்கூட்டியே வேறு வரிசையில் சீட் போட்டுக்கொண்டேன். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற ரகசியத்தையே தூக்கிவிட்டார்களே என்று ஒரு மூச்சு அழுதார். நாவலின் சிகரமே அதுதான், பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் தலையில் அருள்மொழி கிரீடம் வைப்பது என்றார். வாஸ்தவம். ஆனால் டிவி சீரியலில் ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போனால் “வேற கதையே கிடைக்கலியா இவங்களுக்கு” என்று ரிமோட்டைத் தேடுகிறவரும் இவரேதான். மாறிப்போன குழந்தை காலிகோ அட்டைக்குள் இருந்தால் காவியம்.

“எல்லாம் போகட்டும்” என்றார் கடைசியில். “குந்தவை வந்தியத்தேவன் கல்யாணத்தைக் காட்டியிருக்க வேண்டாமா? கடைசி அத்தியாயம்! பந்தல், மேளம், அருள்மொழி பக்கத்துல நிக்கறது... எவ்வளவு அழகா எழுதியிருப்பார்!”

அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, காலிகோ அட்டையைக் கொண்டுவந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். மலர் உதிர்ந்தது என்று தலைப்பு. பந்தலும் இல்லை, மேளமும் இல்லை. வந்தியத்தேவனை நேசித்த மணிமேகலை அவன் மடியில் உயிரை விடுகிறாள். அதோடு கதை சரி. அதற்குப் பின்னால் முடிவுரை; கதையை இப்படித் திடுதிப்பென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று குறைப்பட்டுக்கொண்ட வாசகர்களுக்குக் கல்கி சமாதானம் சொல்கிறார். அன்றைக்கும் மூலவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூலமே பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூலவர் இரண்டு தரம் முன்னும் பின்னும் புரட்டினார். பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா சொன்ன கதையில கல்யாணம் இருந்துச்சே” என்றார்.

அவருடைய அம்மாதான் வாராவாரம் பத்திரிகை வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் படித்துக் காட்டியவராம். முடிவைக் கேட்டு அவர்கள் அழுதிருப்பார்கள். கல்யாணத்தைச் செய்து வைத்து அனுப்பியிருப்பார். இத்தனை வருஷமாக மூலவர் காத்து வந்ததில் பாதி கல்கியின் சொத்து, கால்வாசி மணியத்தினுடையது, மிச்சம் அவர் அம்மாவினுடையது.

“உற்சவர் தினம் ஒரு வாகனத்துல, ஒரு அலங்காரத்துல வீதிக்கு வரார். மூலவர் மாதிரி இல்லேன்னு யாராவது தேரை நிறுத்தறாங்களா? பார்த்துட்டு, அப்புறம் உள்ள போய் மூலவரையும் சேவிச்சுட்டு வரணும்” என்றார் மனைவி. சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார். பாதி வழியில் நின்று திரும்பி, “ஆனா மணிமேகலையை விட்டது தப்புதான்” என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் நானும் அந்த அம்மாள் கட்சி. ஐந்து பாகத்தையும் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கும்போது ஏரியும் ஜோசியமும் குழந்தை ரகசியமும் போனால் போகட்டும். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? ஆனால் வந்தியத்தேவன் ஐந்து பாகமும் சிரித்துக்கொண்டே, கண்ட இடத்தில் கண்ணடித்துக்கொண்டே திரிகிறவன். அவன் விளையாட்டுக்கு ஒரு பெண் கொடுத்த விலைதான் மணிமேகலை. கல்கி கடைசியில் அந்தக் கணக்கை முடிக்காமல் பேனாவை மூடவில்லை. படத்தில் கார்த்தி கடைசி வரை கலகலப்பாகவே இருந்துவிட்டுப் போகிறார். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு பாக்கி. எது போனாலும் புத்தகம் நிற்குமோ அதை மாற்றலாம், எது போனால் புத்தகமே சாய்ந்துவிடுமோ அதில் கைவைக்கக் கூடாது. மூலவருக்குத்தான் இரண்டும் ஒன்று. கொண்டைக்கும் மணிமேகலைக்கும் ஒரே சத்தம் போட்டதால், நியாயமான புகாரைக்கூட யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு இப்போது அடுத்த கவலை வந்துவிட்டது. சி.சு. செல்லப்பாவின் வாடிவாசலை வெற்றி மாறன் எடுக்கப்போவதாக அறிவித்தார், சூர்யா நடிப்பார் என்றும் சொன்னார்கள். 1959-ல் வந்த மிகச் சின்னப் புத்தகம் அது. ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு நாள், ஒரு மகன், அப்பனைக் குத்திய காளை, அவ்வளவுதான். அதை முழுநீளப் படமாக்க வேண்டுமானால் இல்லாததைச் சேர்த்தே தீர வேண்டும். மூலவர் போன வாரம் நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை வெட்டினதற்குச் சண்டை போட்டவர், இனிமேல் ஒட்டினதற்குப் போடுவார்.

படம் எப்போது வரும் என்று தெரியாது. புத்தகம் ஒரே மாலையில் படித்து முடிக்கக் கூடியது. இப்போதே வாங்கிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டு யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது.